வெயிலைத் திட்டுவதற்கு முன்: அவுட்போர்டு மோட்டார் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

சிங்கப்பூரின் பொங்கோல் பக்கம் படகு வைத்திருப்பவர்களிடம், படகின் பின்னால் மாட்டிய மோட்டார் ஏன் இழுக்கவில்லை என்று கேட்டால் பாதிப் பேர் வானத்தைக் காட்டுவார்கள். "என்னா புழுக்கம் பாருங்க, மோட்டாரே மூச்சு வாங்குது." நானும் பல வருடம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு 18 அடிப் படகு வைத்திருக்கிறோம். முன்பு 40 குதிரைத்திறன் இரண்டு ஸ்ட்ரோக், இப்போது 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக். செம்பவாங் கப்பல் பட்டறையில் காலம் கழித்த என் மாமாதான் ஒருநாள் கேட்டார்: "ஏன் மாப்ளே, போன மாசமும் இதே வெயில்தானே? அப்ப மட்டும் எப்படி ஓடுச்சு?"

பதில் இல்லை. சிங்கப்பூரில் வெயில் ஒருநாள் வந்து ஒருநாள் போகிற விருந்தாளி இல்லையே.

அதனால் முதலில் வெயிலின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவோம். சூடான காற்று விரிகிறது. அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைகிறது. ஈரம் அதை இன்னும் கொஞ்சம் குறைக்கும், ஏனென்றால் நீராவி வந்து உட்கார்ந்த இடத்தில் ஆக்சிஜனுக்கு இடமில்லை. (ஈரக்காற்று கனமானது என்று நினைப்போம். உண்மையில் உலர்ந்த காற்றைவிட அதுதான் லேசு.) மோட்டாரின் குதிரைத்திறனைக் குறிக்கும்போது 25 டிகிரி வெப்பம், 30 சதவீத ஈரப்பதம் என்ற நிலைக்குத்தான் கணக்கிடுகிறார்கள். நம் ஊர் மதியம் 32 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இழப்பு 4 முதல் 5 சதவீதம் வரும். 60 குதிரையில் இரண்டரை, மூன்று குதிரை. அவ்வளவுதான். அதுவும் படகு வாங்கிய முதல் நாளிலிருந்தே கழிந்துகொண்டிருக்கிறது.

2023 மே 13 அன்று ஆங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். அப்படிப்பட்ட நாளில்கூட, வெப்பத்தை மட்டும் பார்த்தால், 32 டிகிரி நாளைவிடக் காற்று 2 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் மெலிந்திருக்கும். கையில் உணரவே முடியாது. ஆகவே நேற்று நன்றாக ஓடிய மோட்டார் இன்று இழுக்கவில்லை என்றால் குற்றவாளி காற்று இல்லை. வெயிலும் ஈரமும் கெடுதல் செய்யாமல் இல்லை. ஆனால் அவை கைவைப்பது பெட்ரோல், ரப்பர், உப்பு, பேட்டரி ஆகியவற்றில். கீழே உள்ளதெல்லாம் அந்தக் கோணத்தில்தான்.

முழு த்ராட்டிலும் கொடுத்தாயிற்று, சுற்று ஏறவில்லை

மோட்டாரின் கையேட்டில் முழு த்ராட்டிலுக்கு ஒரு சுற்று எல்லை கொடுத்திருப்பார்கள். பல நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 வரை. வழக்கமான ஆட்கள், வழக்கமான சாமான்களோடு போய் மீட்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பார்க்கும்போது போகும் திசையில் ஒன்று, திரும்பும் திசையில் ஒன்று என்று எடுத்துச் சராசரி போடுங்கள். ஜொகூர் நீரிணையில் நீரோட்டம் இருக்கும் நேரத்தில் ஒரே பக்கம் அளந்துவிட்டுக் கவலைப்படுவது வீண்.

சுற்றும் குறைவு, வேகமும் குறைவு என்றால் மோட்டாரைத் தொடாதீர்கள். முதலில் படகின் அடிவயிற்றைப் பாருங்கள். நாங்கள் படகைக் கரையில், உலர் நிறுத்தத்தில் வைப்பது வழக்கம். ஒருமுறை தூக்கும் வண்டி பழுது என்று ஆறு வாரம் தண்ணீரிலேயே கட்டிக் கிடந்தது. வெளியே எடுத்தபோது அடியில் ஒரு தோட்டமே இருந்தது. பாசிகூடப் பரவாயில்லை, கொட்டலசு அரிசி அரிசியாக ஒட்டியிருந்தது. அதுவரை 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) போன படகு 17-ஐத் தாண்டவில்லை. அதற்குள் நான் ஸ்பார்க் பிளக் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பெட்ரோலையும் மாற்றிவிட்டேன். கடைசியில் வேலையை முடித்தது பிளாஸ்டிக் சுரண்டிதான். 30 டிகிரியை ஒட்டிய கடல்நீரில் இதெல்லாம் வருடம் பூராவும் வளரும், குளிர்காலம் என்று லீவு எடுக்காது. வெப்பம் உண்மையிலேயே வேகத்தைத் திருடும் இடம் இதுதான்.

அடி சுத்தம் என்றால் புரொப்பெல்லர். இதழ் நுனி மடங்கியிருக்கிறதா, நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று பாருங்கள். வழுக்கினால் சுற்று ஏறும், படகு மட்டும் நகராது. அது வேறு நோய், இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். எல்லாம் சரியாக இருந்தும் சுற்று எப்போதும் எல்லைக்குக் கீழேயே நிற்கிறதென்றால், அதாவது முதல் நாளிலிருந்தே, புரொப்பெல்லரின் பிட்ச் (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரம்) நம் ஊருக்கு அதிகம். ஒரு அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும். குளிர்ந்த நாட்டில் ஓட்டிப் பார்த்துப் பொருத்திய படகை இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு இது பொருந்தும். மேலே சொன்ன 4, 5 சதவீதம் கண்ணுக்குத் தெரியும் ஒரே இடம் இது.

அப்புறம் எடை. ஐஸ் பெட்டி, நாசி லெமாக் பொட்டலம், பிள்ளைகளின் சாமான், கூட வந்த நண்பர்களின் நண்பர்கள். பழைய ஃபைபர் படகாக இருந்தால் தளத்துக்குக் கீழே உள்ள நுரைப்பஞ்சு வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறியிருக்கலாம். அந்த எடை வெளியே தெரியாது.

கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) உள்ள பழைய மோட்டாருக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் மோட்டாரில் காற்றின் வெப்பத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைக்க சென்சார் இருக்கிறது. கார்புரேட்டருக்கு அந்தப் புத்தி கிடையாது. காற்று மெலிந்தாலும் ஏறக்குறைய அதே பெட்ரோலைத்தான் ஊற்றும். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்துக் கறுப்பாக இருக்கும், மெதுவாக ஓடும்போது இருமும்.

நங்கூரம் போட்டுச் சாப்பிட்டோம், திரும்பக் கிளம்ப மாட்டேன் என்கிறது

காலையில் ஒரே திருகில் ஓடிய மோட்டார், உபின் தீவு அருகே அரை மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து சாவி போட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும், பற்றாது. இது நம் ஊர் வியாதி என்றே சொல்வேன்.

காரணம் எளிது. ஓடும்போது கடல்நீர் உள்ளே சுற்றிச் சூட்டை எடுத்துப் போகிறது. நிறுத்தியதும் நீர் நின்றுவிடும், இரும்பில் உள்ள சூடு எங்கே போகும்? மோட்டாரின் மேல்மூடிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வெளிக்காற்றும் 32 டிகிரி. குழாயில், பம்பில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டும். பம்புக்குத் திரவத்தைத் தள்ளத் தெரியும், ஆவியைத் தள்ளத் தெரியாது. நிறுத்திய பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள்தான் இது மோசம். ஒரு மணி நேரம் கழித்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.

கையாளும் முறை: முதலில் மூடியைத் தூக்கிப் பெட்ரோல் கசிகிறதா என்று மூக்கால் பாருங்கள். கசிவு இருந்தால் சாவியைத் தொடவே கூடாது. இல்லையென்றால் சூடு வெளியேற இரண்டு நிமிடம் விடுங்கள். பெட்ரோல் குழாயின் நடுவில் உள்ள ரப்பர் பல்பை, அம்புக்குறி மேலே பார்க்கும்படி பிடித்து, கல் மாதிரி இறுகும்வரை அமுக்குங்கள். அந்தப் பல்பு கையில் சொல்லும் சேதியைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு அமுக்கியும் தொளதொளவென்றே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. பெரும்பாலும் டேங்க் முனையில் உள்ள இணைப்பின் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). சப்பையாக ஒட்டிக்கொண்டு எழும்பவே இல்லையென்றால் டேங்கின் காற்றுத் துளை மூடியிருக்கிறது, அல்லது டேங்குக்கும் பல்புக்கும் நடுவில் அடைப்பு. இறுகிவிட்டது என்றால் இன்ஜெக்‌ஷன் மோட்டாரில் சாவியை ஆன் நிலையில் சில விநாடி வைத்துப் பம்ப் ஓடவிட்டு, ஆஃப் செய்து, மறுபடி ஆன் செய்து, அதற்கப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கார்புரேட்டர் மோட்டாரில் சோக் இழுக்காதீர்கள். கார்புரேட்டர் கிண்ணத்தில் கொதித்த பெட்ரோல் ஏற்கெனவே உள்ளே வழிந்திருக்கும். நியூட்ரலில் த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சுற்றுங்கள். பற்றியதும் உடனே குறைத்துவிடுங்கள்.

வெயிலில் வைத்த சிவப்புக் கைடேங்க் உப்பிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதை அப்படியே மோட்டாரில் மாட்டினால் உள்ளிருக்கும் அழுத்தம் பெட்ரோலைத் தள்ளிக் கார்புரேட்டரை மூழ்கடித்துவிடும். முதலில் டேங்க் மூடியின் திருகைத் தளர்த்தி 'உஸ்' சத்தம் நிற்கட்டும், பிறகு குழாயை மாட்டுங்கள். டேங்கின் மேல் நனைத்த வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு வையுங்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் எங்கள் இரண்டு ஸ்ட்ரோக்கின் பாதிப் பிரச்சினை அந்தப் பழைய துண்டால்தான் தீர்ந்தது. வேகமாக வந்து சட்டென்று நிறுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைப்பதும் உதவும்.

இன்னொன்று: கிளம்பும்வரை நங்கூரத்தை எடுக்காதீர்கள். கிழக்கு ஜொகூர் நீரிணையில் பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் வரும். மோட்டார் இல்லாமல் அந்தப் பாதையில் மிதந்துகொண்டு பல்பு அமுக்கும் அனுபவம் எனக்கு ஒருமுறை கிடைத்தது, போதும்.

பீப் சத்தம், தண்ணீர் மெலிந்து வருகிறது

மோட்டாரின் பின்பக்கம் சின்னத் துளையில் நூல் பிடித்தாற்போல் தண்ணீர் பீய்ச்சும். எங்கள் படகில் கிளம்பியதும் முதல் கேள்வியே "ஒண்ணுக்குப் போவுதா?" என்பதுதான். பிள்ளைகளுக்கு இதைப் பார்ப்பதற்கென்றே தனிப் பதவி.

மெலிந்தாலோ நின்றாலோ, பீப் வந்தாலோ, த்ராட்டிலைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்து அணையுங்கள். மோட்டாரைத் தூக்கிப் பாருங்கள். நீர் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை அப்பியிருப்பது மிகச் சாதாரணம். அது இல்லையென்றால் துளைக்குள் உப்போ மணலோ அடைத்திருக்கும். ஒரு துண்டு தடித்த தூண்டில் நரம்பை விட்டுக் குத்துங்கள். கம்பியால் குத்தினால் குழாய் கிழியும்.

இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர். நீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம். கையேடு சொல்லும் காலம் எதுவோ, நம் வெயிலில் வருடத்துக்கு ஒன்று என்று மாற்றிவிடுங்கள். ஓட்டாமல் நிறுத்தி வைத்தாலும் ரப்பர் இதழ் மடங்கிய நிலையிலேயே விறைத்துப் போகும். தண்ணீர் இல்லாமல் 'சும்மா சத்தம் கேட்போமே' என்று கரையில் ஓட்டிப் பார்ப்பவர்கள் அந்த சில விநாடியிலேயே அதைக் கருக்கிவிடுவார்கள்.

இங்கே ஒரு கதை. ஒரு பட்டறையில் எங்கள் இம்பெல்லரை மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி பீப். மாமா பழைய இம்பெல்லரைக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். அதை உள்ளங்கையில் வைத்து இதழ்களை எண்ணினார். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. "ஆறாவது எங்க போச்சு, மாப்ளே?" அது நீர்ப்பாதைக்குள் ஏறித் தெர்மோஸ்டாட்டுக்கு (சூடு ஏறினால் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு) கீழே குறுக்காகச் சிக்கி, கதவு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் போகும்போது வழிவிடும், வேகமெடுத்தால் அடைக்கும். கழற்றிய இம்பெல்லரில் இதழ் குறைந்தால், அந்தத் துண்டு கையில் கிடைக்கும்வரை மோட்டாரை மூடாதீர்கள்.

தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனாலும் பீப் என்றால் ஏமாறாதீர்கள். அந்த நூல் தண்ணீர், பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம். கழற்றி ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரில் போட்டுச் சூடாக்குங்கள். அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க வேண்டும். நல்ல சாம்பார்ப் பாத்திரத்தை எடுத்தால் வீட்டில் நடப்பதற்கு நான் பொறுப்பல்ல.

ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நிறுத்திய சூட்டில் உள்ளே தேங்கிய கடல்நீர் வற்றி உப்பாகப் படியும். முதல் நாளே கரைத்தால் கரையும், மூன்று மாதம் கழித்துச் சுத்தியல்தான்.

காலையில் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஒரு சிலிண்டர் தூங்குகிறது

வீட்டில் உப்பு ஜாடியில் நாலு அரிசி போட்டு வைப்பார்கள், உப்பு நீர்த்துப் போகாமல் இருக்க. சோடியம் குளோரைடு, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பித்துவிடும். சிங்கப்பூரில் விடியற்காலை ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதாவது மூடிக்குள் வயர்கள் மேல் பறந்து படிந்த உப்பு இங்கே ராத்திரி முழுக்க ஈரமாகவே இருக்கும். ஈர உப்பில் மின்சாரம் ஓடும். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி வழியிலேயே கசிந்துவிடும். பத்து மணி வெயில் ஏறினால் காய்ந்து, மோட்டார் 'தானாகச் சரியாகிவிடும்'. மறுநாள் காலை மறுபடி.

சோதனை சுலபம். விடியுமுன் இருட்டில் மூடியைக் கழற்றி வைத்து ஸ்டார்ட் செய்து, கையையும் சட்டையையும் ஃப்ளைவீலிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு பாருங்கள். காயிலிலோ பிளக் வயரிலோ நீலமாகப் பொறி நடமாடினால் இடம் தெரிந்துவிடும். வெடிப்பு விழுந்த வயரை மாற்றுங்கள்.

வெடிப்பு இல்லை, வெறும் உப்புதான் என்றால் நேராக ஈரம் விரட்டும் எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு இது. உப்பின் மேல் எண்ணெய் அடித்தால் உப்பை உள்ளே பூட்டி வைக்கிறீர்கள். முதலில் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து உப்பைக் கரைத்து எடுங்கள், காயவிடுங்கள், பிறகு ஸ்ப்ரே. பிளக் தொப்பிக்குள் மட்டும் சிலிகான் கிரீஸ் ஒரு துளி.

மழைக்குப் பயந்து மோட்டாரைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டுவதும் இதே கெடுதல். காற்று போகும் துணி உறை போதும்.

வேகத்தில் போகும்போது திணறி, குறைத்தால் சரியாகிறது

பெட்ரோலில் தண்ணீர். ஃபில்டரைக் கழற்றிக் கண்ணாடி ஜாடியில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனிப் படலமாகத் தண்ணீர் நிற்கும்.

"பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து தண்ணீராகிறது" என்பது எல்லாரும் சொல்லும் விளக்கம். நம் ஊரில் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 50 லிட்டர் காற்றில் இங்கே மொத்தமே சுமார் ஒன்றேகால் கிராம் நீராவிதான் இருக்கும். பகலுக்கும் இரவுக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம். அதில் ஒரு இரவுக்கு ஓரிரு துளி படிந்தாலே அதிகம். ஜாடியில் அரை டம்ளர் தண்ணீர் வந்தால் அது மழை. தளத்தில் உள்ள பெட்ரோல் மூடியின் ஓ-ரிங் வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். ஒரு சுமத்ரா காற்றோடு வரும் மழை போதும். ஓ-ரிங்கை மாற்றுங்கள், 10 மைக்ரான் நீர்பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள், டேங்கின் அடியை உறிஞ்சி எடுங்கள்.

சாவி திருகினால் 'டிக்' மட்டும்

பேட்டரியை ஓய்வில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு. ஸ்டார்ட் திருகும்போது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. வெப்பத்தில் ஈய அமிலப் பேட்டரிக்கு ஆயுசு குறைவு, இது வெயிலின் நேரடிக் கணக்கு. விழவில்லை, ஆனாலும் டிக் என்றால் முனையில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருப்பதைச் சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

ஆயில் பால் மாதிரி இருக்கிறது

எங்கே பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி. என்ஜின் ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மஞ்சள் நுரை என்றால் பதற வேண்டாம். பொங்கோலிலிருந்து உபினுக்குப் பத்து நிமிடம் போய் அணைத்து, மறுபடி பத்து நிமிடம் வந்து அணைப்பவர்களுக்கு உள்ளே ஈரம் ஆவியாகி வெளியேற நேரம் கிடைப்பதில்லை. மாதம் ஒருமுறை அரை மணி நேரம் நன்றாக ஓட்டுங்கள். அளவுக்குச்சியிலேயே பால் நிறம் என்றால் விஷயம் வேறு; ஓட்டாமல் மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள்.

கீழே உள்ள கியர் ஆயில் அப்படி வந்தால் அதற்கும் காற்றின் ஈரத்துக்கும் சம்பந்தமே இல்லை. அடித் திருகைத் தளர்த்தி இரண்டு சொட்டு விரலில் பிடியுங்கள். கோப்பி ஓ மாதிரி கறுத்திருந்தால் பழையது, மாற்றினால் போதும். தே தாரிக், அதாவது பால் டீ நிறம் என்றால் கடல்நீர் உள்ளே போயிருக்கிறது, சீல் போய்விட்டது. சீலை மாற்றக் கொடுக்கும்முன் புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். எங்களுடையதில் யாரோ விட்ட தூண்டில் நரம்பு ஐம்பது அறுபது சுற்றுச் சுற்றி, சூட்டில் உருகி, சீலின் உதட்டை அறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதை எடுக்காமல் புதுச் சீல் போட்டிருந்தால் அடுத்த மாதம் அதுவும் அறுந்திருக்கும்.